மீட்டர் எதன் சூட்டைக் காட்டுகிறது? டெம்பரேச்சர் கன்ட்ரோலரோடு வரும் தாளைப் பற்றி ஒரு விமர்சனம்

இந்த முறை விமர்சனத்துக்கு எடுத்துக்கொண்டது புத்தகம் இல்லை. பெட்டிக்குள் எட்டாக மடித்து வைத்திருக்கும் ஒரு தாள். தொழிற்சாலைப் பேனல்களில் மேலே ஒரு எண்ணும் கீழே ஒரு எண்ணுமாக மின்னிக்கொண்டிருக்குமே, அந்த டெம்பரேச்சர் கன்ட்ரோலரோடு வரும் நிறுவல் தாள். என் டிராயரில் இப்படிப் பத்துப் பன்னிரண்டு தாள்கள் சேர்ந்துவிட்டன. வெளிநாட்டில் அச்சானதும் உண்டு, நம்மூரில் அச்சானதும் உண்டு. போன வாரம் எல்லாவற்றையும் தரையில் விரித்து வைத்து வரிசையாகப் படித்தேன். கம்பெனி வேறு, எழுத்தளவு வேறு. ஆனால் எல்லாம் ஒரே நூல்தான். அதனால் எந்த ஒரு கம்பெனியையும் குறிவைத்து இதை எழுதவில்லை.

இதையெல்லாம் விமர்சனம் பண்ணணுமா என்று கேட்கலாம். பண்ணணும். இலக்கியப் புத்தகம் சரியில்லை என்றால் மூடி வைத்துவிடலாம். இந்தத் தாளைப் படிப்பவர் டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, ஒரு கையில் டெஸ்டரும் மறு கையில் ஸ்க்ரூ டிரைவருமாக நின்றபடி படிக்கிறார். அவர் தப்பாகப் புரிந்துகொண்டால் அதன் கூலியை இன்னொருவர் கொடுக்க வேண்டிவரும். அப்படி ஒருவர் கொடுத்ததைத்தான் சொல்லப் போகிறேன். தப்புப் பண்ணியது நான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அளவு விஷயத்தில் இந்தத் தாள்களைக் குறை சொல்ல முடியாது. முகம் 48×48 மில்லிமீட்டர் என்றால் பேனலில் 45×45 வெட்ட வேண்டும்; 96×96 என்றால் 92×92. படத்தைப் பார்த்து வெட்டினால் கச்சிதமாக உட்காரும். டெர்மினல் படமும் அப்படித்தான். எந்த எண்ணில் சப்ளை, எதில் சென்சார், எதில் அவுட்புட் என்று குழப்பமே இல்லை. மெனு அட்டவணை இன்னும் நேர்த்தி. எந்தப் பட்டனை எத்தனை விநாடி அழுத்தினால் எந்தப் பக்கம் திறக்கும் என்று படிப்படியாக இருக்கும்.

குறை எங்கே என்றால், இந்தத் தாள் கருவியின் பின்பக்க டெர்மினலோடு நின்றுவிடுகிறது. அதற்கு அப்பால் இருக்கும் வயர், ஹீட்டர், அடுப்பு, அடுப்புக்குள் இருக்கும் பொருள் எல்லாம் அதற்கு வெளியூர். அந்த வெளியூரைப் பற்றி அது பேசுவது ஒரே ஒரு நடையில்: “செய்க”, “செய்யற்க”. ஏன் என்று ஒரு வரி கிடையாது.

இனி என் கதை. கோவையில் ஒரு பவுடர் கோட்டிங் பட்டறை. பழைய கன்ட்ரோலர் போய்விட்டது, புதிதாக மாட்டச் சொன்னார்கள். பழைய பேனல் அவன் சுவரை ஒட்டியே இருந்து வெந்துகொண்டிருந்ததால், எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். தெர்மோகப்பிள் ஹெட் அவனின் மேல்தளத்தில். அங்கிருந்து புதுப் பேனலுக்கு எட்டு மீட்டர். பழைய கேபிள் எட்டவில்லை, இன்சுலேஷனும் பொரிந்து உதிர்ந்தது. கையில் நல்ல இரண்டு கோர் செப்பு வயர் இருந்தது. இழுத்துக் கொடுத்துவிட்டேன். தாளில் எச்சரிக்கைப் பட்டியலின் நடுவில் “குறிப்பிட்ட காம்பன்சேட்டிங் கேபிளையே பயன்படுத்துக” என்று ஒரு வரி இருந்தது. படித்தேன். “ஈரக் கையால் தொடாதீர்கள்” என்ற வரிக்கும் “தின்னர் கொண்டு துடைக்காதீர்கள்” என்ற வரிக்கும் இடையில் அது உட்கார்ந்திருந்தது. மூன்றுக்கும் ஒரே எழுத்து, ஒரே குரல்.

காலை ஒன்பது மணிக்கு அவனை ஏற்றி, தனியாக ஒரு தெர்மாமீட்டர் விட்டுப் பார்த்தேன். மீட்டரும் அதுவும் ஒன்றுக்கொன்று இரண்டு டிகிரிக்குள் இருந்தன. கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பத்து நாளில் போன் வந்தது. வெள்ளைச் சரக்கு மஞ்சளாக வருகிறது. அவன் பார்த்துக்கொள்பவர் அறுபதை நெருங்கியவர், அந்தப் பட்டறையில் எல்லோருக்கும் மூத்தவர். டிராலியை நேரத்துக்கு வெளியே எடுக்காமல் விட்டுவிடுகிறார் என்பது முதலாளியின் கணக்கு. இரண்டு டிராலி சரக்கின் பணத்தை அவர் கூலியில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். நான் போனபோது அவர் என்னிடம் சொன்னார்: “காலைல போடறது நல்லாத்தானுங்க வருது. மத்தியானத்துக்கு மேல போடறதுதான் இப்படி ஆகுது. மீட்டர் எரநூறுன்னு காட்டுதுங்க, ஆனா கதவத் தெறந்தா மூஞ்சில அடிக்கற அனல் எரநூறு இல்லீங்க தம்பி.”

நான் மீட்டரைப் பார்த்தேன். 200. அசையாமல் நின்றது. “அண்ணா, மீட்டர் புதுசு. அது பொய் சொல்லாது” என்றேன்.

அவர் அமைதியாகக் கேட்டார்: “அப்ப அது எதோட சூட்டைத்தாங்க காட்டுது?”

அன்று மழுப்பிவிட்டு வந்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. இந்தக் கேள்விக்குப் பதில் என் கையில் இருந்த தாளில் இல்லை. தெர்மோகப்பிள் பற்றிப் பொதுவாகச் சொல்லிக்கொடுக்கும் வாக்கியத்திலும் இல்லை. “இரண்டு உலோகங்கள் சேரும் முனையில் சூடுபட்டால் மின்னழுத்தம் உண்டாகிறது” என்று படித்திருக்கிறோம் இல்லையா, அந்த வாக்கியம்தான் வினை. மின்னழுத்தம் முனையில் பிறக்கிறது என்றால், அதை எந்தக் கம்பி சுமந்து வந்தால் என்ன? செப்பு இன்னும் நல்லாவே சுமக்குமே! நான் நினைத்தது அதைத்தான்.

உண்மை வேறு. 1821இல் சீபெக் கண்ட விளைவில் மின்னழுத்தம் முனையில் பிறப்பதில்லை. சூடு ஏறி இறங்கும் கம்பியின் நீளம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்கிறது. கம்பியின் இரு முனைக்கும் இடையில் எவ்வளவு வெப்ப வித்தியாசமோ, அந்த அளவு மின்னழுத்தம். கே வகையில் டிகிரிக்குச் சுமார் 41 மைக்ரோவோல்ட். கன்ட்ரோலர் தன் டெர்மினலின் சூட்டைத் தனியாக அளந்து, அதையும் கூட்டி, எண்ணாகக் காட்டுகிறது. அதாவது தெர்மோகப்பிள் உலோகம், அல்லது அதே மாதிரி நடந்துகொள்ளும் காம்பன்சேட்டிங் கேபிள், கன்ட்ரோலரின் டெர்மினல் வரை தொடர்ந்து வருகிறது என்று நம்பித்தான் அது கணக்குப் போடுகிறது.

நான் ஹெட்டிலேயே உலோகத்தை மாற்றிவிட்டேன். மத்தியானம் ஹெட் 60 டிகிரி, பேனல் 35 என்று வையுங்கள். இடையில் உள்ள 25 டிகிரிக்கு உரிய ஒரு மில்லிவோல்ட் அளவு செப்பில் காணாமல் போகிறது. மீட்டர் 25 டிகிரி குறைத்துப் படிக்கும். கன்ட்ரோலர் கடமை தவறாமல் 200 வரும்வரை ஹீட்டரை எரிக்கும். உள்ளே 225. காலையில் ஹெட்டும் பேனலும் ஒரே சூட்டில் இருந்ததால் வித்தியாசம் இல்லை. என் சோதனையும் பாஸ். பெரியவர் சொன்னது எழுத்துக்கு எழுத்து சரி.

மறுநாள் போய் ஒரே ஒரு சோதனை செய்தேன். தெர்மோகப்பிளைக் கழற்றிவிட்டு, ஹெட்டில் இரண்டு கேபிள் முனைகளையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்தேன். சரியான கேபிளாக இருந்தால் மீட்டர் அந்த இடத்தின் சூட்டைக் காட்ட வேண்டும். அது பேனலின் சூட்டைக் காட்டியது. அரை நிமிஷ வேலை, செலவே இல்லை. என் டிராயரில் இருக்கும் எந்தத் தாளிலும் இந்தச் சோதனை இல்லை.

இங்கேதான் என் விமர்சனத்தின் மையம். தாள் எச்சரிக்கவில்லை என்று நான் சொல்ல முடியாது, எச்சரித்தது. ஆனால் காரணம் சொல்லாத எச்சரிக்கை நாளடைவில் சடங்காகிவிடும். ஆள் இருந்தால் செய்வோம், அவசரம் என்றால் விட்டுவிடுவோம். “செப்பு வயர் போட்டால், ஹெட் எவ்வளவு சூடாகிறதோ அந்த அளவுக்கு மீட்டர் குறைத்துக் காட்டும்” என்று ஒரு வரி இருந்திருந்தால் நான் அந்த வயரைத் தொட்டிருக்க மாட்டேன்.

இதே நோய் தாள் முழுக்க இருக்கிறது. “பிளஸ், மைனஸ் சரிபார்க்கவும்” என்கிறார்கள். நம்ம கைக்குச் சிவப்பு என்றால் பிளஸ். ஆனால் அமெரிக்க முறையில் தெர்மோகப்பிளின் சிவப்பு வயர் மைனஸ். கே வகையில் மஞ்சள்தான் பிளஸ். பழைய ஜெர்மன் முறையில் சிவப்பு பிளஸ், பச்சை மைனஸ். சர்வதேச முறையில் பச்சை பிளஸ், வெள்ளை மைனஸ். ஒரு முனையில் மட்டும் மாறினால் சூடாக்கும்போது எண் இறங்கும், உடனே தெரிந்துவிடும. கேபிளை இரண்டு முனையிலும் மாற்றிக் கொடுத்துவிட்டால் எண் ஒழுங்காக ஏறும். ஆனால் பிழை செப்பு வயரைவிட இரண்டு மடங்கு. என் கணக்கில் 50 டிகிரி. எண் ஏறுகிறதா என்று மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது.

அடுத்தது சைக்கிள் டைம். ரிலே அவுட்புட்டுக்கு 20 விநாடி என்று போட்டு வைத்திருப்பார்கள். இன்னொரு மூலையில் ரிலேயின் ஆயுள் முழு லோடில் 1,00,000 முறை என்று இருக்கும். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள்: மணிக்கு 180 முறை, நாளைக்கு 10 மணி நேரம் ஓடினால் 1,800 முறை, 55 நாளில் கணக்கு முடிந்தது. இரண்டு எண்ணும் தாளில் உண்டு, பெருக்கல் மட்டும் இல்லை. ரிலேயால் நேராக ஹீட்டரை ஓட்டுபவர் இரண்டே மாதத்தில் கருவியைத் திட்டுவார்.

அலாரமும் அப்படித்தான். 215இல் அலாரம் வைத்திருந்தேன். உள்ளே 225 ஆனபோது அது வாயே திறக்கவில்லை. அதற்கும் அதே சென்சார்தானே கண். எஸ்.எஸ்.ஆர். பழுதானால் பெரும்பாலும் ஷார்ட் ஆகி ஆன் நிலையிலேயே நின்றுவிடும். கன்ட்ரோலர் கையை எடுத்தாலும் ஹீட்டர் எரியும். அதனால்தான் தனி சென்சார், தனி கருவி, தனி கான்டாக்டர் என்று ஒரு மேல்வரம்புக் காவல் வேண்டும். அமெரிக்காவின் என்.எஃப்.பி.ஏ. 86 தரநிலை தொழிற்சாலை அவன்களுக்கு இதைத் தனியாகவே கேட்கிறது. நம் தாள்களில் “தகுந்த பாதுகாப்பு ஏற்பாடு செய்க” என்ற அளவோடு சரி.

ஆட்டோட்யூன் பகுதிதான் இருப்பதிலேயே விளம்பர நடை. 1942இல் சீக்லரும் நிக்கல்ஸும் கையால் செய்யச் சொன்ன வேலையை, 1984இல் ஓஸ்ட்ரோமும் ஹெக்லுண்டும் ரிலே முறையால் தானியங்கியாக்கினார்கள். அருமையான யோசனை, சந்தேகமில்லை. ஆனால் அதன் வழி, சூட்டை செட் பாயிண்டுக்கு மேலும் கீழும் வேண்டுமென்றே ஆடவிட்டுப் பார்ப்பது. நல்ல சரக்கை உள்ளே வைத்துக்கொண்டு செய்தால் அது போச்சு. அதோடு, ஆட்டோட்யூன் படிப்பது அவனை இல்லை, சென்சாரை. சென்சார் ஹீட்டருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மூலையில் இருந்தால், அந்த மூலைக்குத்தான் அது அழகாக ட்யூன் ஆகும்.

மறுதரப்புக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. “இது பயிற்சி பெற்றவர் மாட்ட வேண்டிய கருவி; மடிக்கிற தாளில் இயற்பியல் பாடம் நடத்த முடியாது” என்பார்கள். நான் பயிற்சி பெற்றவன்தான். டிப்ளமோவில் தெர்மோகப்பிளுக்கு முழு மதிப்பெண் வாங்கியவன். இடமும் ஒரு காரணமில்லை. அதே தாள் நாலு மொழியில் அச்சாகிறது. தின்னருக்கு ஒரு வரி ஒதுக்க முடிகிறது. முதல் மடிப்பில் மூன்றே வரி போதும்: இந்த எண் சென்சார் நுனியின் சூடு, உங்கள் பொருளின் சூடு அல்ல. நுனியிலிருந்து இந்த டெர்மினல் வரை ஒரே இன உலோகம் வந்தால்தான் இந்த எண்ணும் உண்மை. அவன் முழுச் சூடேறி நாலு மணி நேரம் ஆனபிறகு இன்னொரு கருவியால் சரிபார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

முதல் வரி மேலோட்டமானது இல்லை. பவுடர் டப்பாவோடு வரும் தாளில் 200 டிகிரி, 10 நிமிடம் என்று இருந்தால் அது உலோகத்தின் வெப்பநிலை. கனமான இரும்பு அந்தச் சூட்டுக்கு வர, காற்று வந்தபிறகும் நேரம் ஆகும். கன்ட்ரோலர் காட்டுவது காற்றின் சூடு. இரண்டு தாளும் “200” என்கின்றன. இரண்டும் வேறு வேறு பொருளைச் சொல்கின்றன. இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்கும் பொறுப்பு, இரண்டையுமே படிக்கத் தெரியாத மொழியில் வாங்கும் ஒருவர் தலையில் விழுகிறது.

கேபிளை மாற்றிவிட்டு, முதலாளியிடம் பெரியவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அடுத்த சனிக்கிழமை பிடித்த பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பெரியவர் என்னிடம் கோபப்படவில்லை. “எனக்கென்னங்க தெரியும், மூஞ்சில பட்டதச் சொன்னேன்” என்றார்.

இப்போது எங்கே கன்ட்ரோலர் மாட்டினாலும், பெட்டித் தாளோடு ஒரு அரைப்பக்கத் தமிழ்த் தாளையும் பேனல் கதவின் உள்பக்கம் ஒட்டிவிட்டு வருகிறேன். அந்த மூன்று வரியும், ஹெட்டில் செய்யும் அந்த அரை நிமிஷச் சோதனையும் அதில் இருக்கும். கடைசியாக ஒரு வரி: அவன் பக்கத்தில் நிற்பவர் சூடு அதிகம் என்று சொன்னால், மீட்டரைப் பார்த்துப் பதில் சொல்லாதீர்கள், வயரைப் பாருங்கள்.