ஃப்யூஸ் பிட்டை எழுதியது யார்?

2024 மே 17 அன்று தென்காசி அருகே பழைய குற்றால அருவியில் திடீரென்று பாய்ந்த வெள்ளத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். மலைக்கு மேலே பெய்யும் மழை கீழே குளித்துக்கொண்டிருப்பவர்களுக்குத் தெரியாது. ஆகவே நீர்மட்டத்தைப் பார்த்து எச்சரிக்கும் கருவி என்பது தென்காசிப் பக்கத்துப் பொறியியல், பாலிடெக்னிக் மாணவர்களுக்கு இயல்பாகவே தோன்றக்கூடிய புராஜெக்ட். ஓர் ஆர்டுயினோ போர்டு, ஓர் அல்ட்ராசோனிக் சென்சார், ஒரு ஜிஎஸ்எம் மாட்யூல், ஒரு சைரன். யூஎஸ்பி கேபிளைச் செருகி 'அப்லோட்' கொடுத்தால் ஆய்வக மேசையில் வேலை செய்துவிடும். அதே போர்டைப் பெட்டிக்குள் வைத்து, சோலார் பேனலும் பேட்டரியும் கொடுத்து, மலைமேல் தேனருவிப் பக்கம் ஒரு சீசன் முழுக்கச் சாரலில் விட்டால் என்ன ஆகும் என்பதுதான் கேள்வி. அந்த இடத்தில்தான் சிப்புக்குள் நேரடியாக எழுதும் ப்ரோக்ராமர் என்ற சின்னக் கருவியைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

கேபிளைச் செருகியதும் ப்ரோக்ராம் ஏறுவதற்குக் காரணம் பூட்லோடர். ஆர்டுயினோ ஊனோ போர்டில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்பின் 32 கிலோபைட் நினைவகத்தில், ஆப்டிபூட் என்ற பூட்லோடர் எடுத்துக்கொள்வது வெறும் 512 பைட். யூஎஸ்பி வழியாக வருவதை வாங்கி மிச்ச இடத்தில் எழுதிவைப்பது அதன் வேலை. இத்தாலியின் இவ்ரியா நகரில் 2005-இல் தொடங்கிய ஆர்டுயினோ, தனிக் கருவி இல்லாமல் எவரும் மைக்ரோகன்ட்ரோலரைத் தொடலாம் என்று ஆக்கியது இந்த ஏற்பாட்டால்தான். ஏடி89சி51 சிப்பைப் பிடுங்கி, 12 வோல்ட் கொடுக்கும் பர்னரில் பொருத்தி, ஏற்றி, மறுபடி பயிற்சி கிட்டில் செருகி, ஒரு வரி தப்பென்றால் திரும்பப் பிடுங்கிய தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். அந்தக் காலமே மேல் என்று நான் சொல்லப்போவதில்லை.

ஆனால் பூட்லோடர் தொட முடியாத இடம் ஒன்று உண்டு: ஃப்யூஸ் பிட்கள். சிப் எந்தக் கடிகாரத்தில் ஓட வேண்டும், மின்னழுத்தம் எவ்வளவு இறங்கினால் தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்ள வேண்டும் என்பதையெல்லாம் அவைதான் முடிவுசெய்கின்றன. ஊனோவில் இந்த ரீசெட் எல்லை, அதாவது பிரவுன்-அவுட் அளவு, 2.7 வோல்ட். அதே சிப்பின் தரவுத்தாளோ, 16 மெகாஹெர்ட்ஸில் ஓட்ட வேண்டுமானால் ஏறத்தாழ 3.8 வோல்ட்டாவது வேண்டும் என்கிறது. இடையில் ஒரு வோல்ட்டுக்கும் மேல் யாரும் காவல் நிற்காத வெளி கிடக்கிறது. மூன்று நாள் மேகமூட்டத்தில் பேட்டரி சரியும்போது சிப் அந்த வெளிக்குள் நுழையும். ஓடவும் செய்யும், தப்புத் தப்பாகவும் ஓடும், மின்சாரம் போனாலும் அழியாத ஈஇப்ராம் நினைவகத்தில் குப்பையை எழுதிவைக்கவும் கூடும். எல்லையை 4.3 வோல்ட்டுக்கு உயர்த்தினால் பிரச்சினை தீர்ந்தது. அதை உயர்த்த ப்ரோக்ராமர் வேண்டும்.

வாட்ச்டாக் கதையும் இதேதான். கருவி உறைந்துபோனால் தானே ரீசெட் ஆகட்டும் என்று வாட்ச்டாக் டைமரை வைக்கிறோம். பழைய பூட்லோடரோடு வரும் ஆர்டுயினோ நானோ நகல் போர்டுகளில் அந்த ரீசெட்டே முடிவில்லாத ரீசெட் ஆகிவிடும். பூட்லோடர் டைமரை அணைக்காமல் விடுவதால் வரும் வினை. காட்டுக்குள் ஆளில்லாத இடத்தில் இதைவிட மோசமான பழுது வேண்டாம். புதிய பூட்லோடரை ஏற்றினால் சரியாகும். அதற்கும் ப்ரோக்ராமர்தான்.

இவ்வளவு சொன்னபிறகு, அந்தப் ப்ரோக்ராமரை அமைக்கும் வழக்கம் எவ்வளவு கரடுமுரடானது என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் மாணவர்கள் கைக்கு மலிவாக வருவது யூஎஸ்பிஏஎஸ்பி. தாமஸ் ஃபிஷ்ல் வடிவமைத்துத் திறந்த உரிமத்தில் கொடுத்தது. அதற்குள் இருப்பதும் ஏடிமெகா328பி போல ஓர் ஏவிஆர் சிப்தான், ஆகவே முதல் ப்ரோக்ராமரைச் செய்ய இன்னொரு ப்ரோக்ராமர் வேண்டும் என்ற வேடிக்கையும் உண்டு. விண்டோஸில் அதற்கு டிரைவர் தனியாகப் போட வேண்டும். கல்லூரி ஆய்வகக் கணினியில் அட்மின் பாஸ்வேர்டு இல்லாமல் அது நடக்காது; பாதிப் பேருக்கு ஆர்வம் அங்கேயே அடங்கிவிடும். பிறகு பத்து முனை ரிப்பனை ஆறு முனைக்கு மாற்றும் அடாப்டர். மலிவு நகல்கள் பலவற்றில் 3.3 வோல்ட் ஜம்பர் சப்ளையை மட்டும் மாற்றும். டேட்டா கம்பிகளில் 5 வோல்ட்டே போகும். 3.3 வோல்ட் ரேடியோ மாட்யூலோடு சேர்ந்த போர்டுக்கு அது ஆபத்து.

புதுச் சிப் இன்னொரு தலைவலி. தொழிற்சாலையிலிருந்து வரும்போது அது 1 மெகாஹெர்ட்ஸில்தான் ஓடும். ப்ரோக்ராமரின் கடிகாரம் அதில் கால் பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். வேகமாகக் கேட்டால் பதில் வராது, திரையில் பிழைச்செய்தி வரும், சிப் செத்துவிட்டது என்று குப்பையில் போடுவார்கள். வேகத்தைக் குறைத்துக் கேட்டால் பேசியிருக்கும்.

என் முக்கியமான குறை கருவிமேல் இல்லை, அதைக் கற்றுக்கொடுக்கும் முறைமேல். எங்கிருந்தோ எடுத்த மூன்று ஃப்யூஸ் எண்களைத் தாளில் கொடுத்து அப்படியே எழுதச் சொல்கிறோம். ஃப்யூஸில் 0 என்றால் 'போட்டாயிற்று', 1 என்றால் 'போடவில்லை' என்ற தலைகீழ்க் கணக்கைக்கூட விளக்குவதில்லை. ரீசெட் காலை முடக்கும் பிட்டை ஒருவர் தவறிப் போட்டுவிட்டால், அந்த ஆறு முனை வழியே சிப்போடு மறுபடி பேசவே முடியாது. 12 வோல்ட் கொடுக்கும் தனி ஏற்பாடு வேண்டும். கிரிஸ்டல் இல்லாத போர்டில் கிரிஸ்டல் உண்டு என்று எழுதினாலும் சிப் ஊமையாகிவிடும். அதற்கு வெளியிலிருந்து கடிகாரத் துடிப்பு கொடுத்து எழுப்ப வழியிருக்கிறது, அது பலருக்குத் தெரியாது. இதைவிடக் கெட்ட பழக்கம், சிப்பின் அடையாள எண்ணான கையொப்பம் பொருந்தவில்லை என்று, ப்ரோக்ராமரை இயக்கும் ஏவிஆர்ட்யூட் மென்பொருள் மறுக்கும்போது கட்டாயப்படுத்தும் கட்டளையைச் சேர்ப்பது. ஏடிமெகா328, 328பி இரண்டுக்கும் கையொப்பம் வேறு. அந்த மறுப்பு ஓர் எச்சரிக்கை. அதைத் தொந்தரவாக நினைத்து வாயடைக்கிறோம்.

முதல் வகுப்பில் எழுதவே விடக்கூடாது என்பேன். கையொப்பத்தைப் படி, மூன்று ஃப்யூஸையும் படித்து நோட்டில் குறி, உள்ளே இருப்பதை அப்படியே ஒரு கோப்பாக எடுத்து வை. ப்ரோக்ராமர் எழுதும் கருவி என்று மட்டும் நினைத்துவிட்டோம். அது படிக்கும் கருவியும்தான். எழுதத் தொடங்கினால் வழக்கமாக முழுச் சிப்பையும் அழித்துவிட்டுத்தான் எழுதும், பூட்லோடரும் அதோடு போகும். அதை அறியாமல், யூஎஸ்பியில் இனி ஏறவில்லை, போர்டு போய்விட்டது என்று புலம்புவதற்குக் காரணம் படிக்காமல் எழுதியதே. தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஜோஹோ 2011 முதல் இயங்குவதால், மென்பொருள் வேலை இந்த மண்ணுக்கே வந்துவிட்டது. ஆனால் சிப் வேண்டுமென்றால் இன்னும் கூரியரையோ சென்னை ரிச்சி தெருவையோதான் பார்க்க வேண்டும். இங்கே ஊமையான ஒரு சிப்பின் விலை அதன் பில்லில் இருப்பதைவிட அதிகம்.

இதெல்லாம் ஏவிஆரின் பழைய பாடு, புதிய சிப்களுக்கு எதற்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். ஓரளவு நியாயம்தான். 2021-இல் வந்த ராஸ்பெரி பை பிக்கோவில் பொத்தானை அழுத்தியபடி யூஎஸ்பியில் செருகினால் பென்டிரைவ் போலத் தெரியும், கோப்பை இழுத்துப் போட்டால் முடிந்தது. ஈஎஸ்பி32-இலும் அழியாத பூட்லோடர் சிப்போடு வருகிறது. ஆனால் எஸ்டிஎம்32 போன்ற சிப்களோடு எஸ்டி-லிங்க் என்ற கருவி செய்வது ஏற்றுவது மட்டுமில்லை. ஓடுகிற ப்ரோக்ராமை நடுவில் நிறுத்தி, எந்த வரியில் நிற்கிறது, எந்த மாறியில் என்ன மதிப்பு என்று பார்க்க விடும். யூஎஸ்பிஏஎஸ்பிக்கு அந்தக் கண் கிடையாது. அதை மட்டுமே வைத்துப் பழகியவர், பழுது வந்தால் சீரியல் மானிட்டரில் வரி வரியாக அச்சிட்டுத் தேடுவார். இது யூஎஸ்பிஏஎஸ்பி வழியின் பெரிய பலவீனம்.

ப்ரோக்ராமர் கையில் இருந்தும் உதவாத இடமும் உண்டு. ஆலங்குளம், பாவூர்சத்திரம் பக்கத்துத் தோட்டங்களில் பம்ப்செட்டை போனிலிருந்தே போட்டு அணைக்கும் மொபைல் ஸ்டார்ட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளும் ஒரு மைக்ரோகன்ட்ரோலர்தான். இடி விழுந்து அந்தச் சிப் போனால், பழுது பார்ப்பவரிடம் ப்ரோக்ராமர் இருந்தாலும் ஏற்ற ஃபர்ம்வேர் இருக்காது. நன்றாக ஓடும் இன்னொரு ஸ்டார்ட்டரிலிருந்து நகலெடுக்கலாமென்றால், தயாரிப்பாளர் லாக் பிட் போட்டிருந்தால் உள்ளே இருப்பது வெளியே வராது. லாக்கை நீக்க முழுச் சிப்பையும் அழிக்க வேண்டும். அழித்தால் நகலெடுக்க எதுவும் மிஞ்சாது. கடைசியில் பத்து இருபது பாகங்கள் நன்றாக இருக்கும் போர்டு முழுசாகக் கழற்றி வீசப்படுகிறது, விவசாயி புது போர்டுக்குப் பணம் கட்டுகிறார்.