தொல்காப்பியரின் புல் – மரப் பகுப்பும் பூக்குந்தாவர வகைப்பாடும்: ஓர் ஒப்பீட்டின் மறுபரிசீலனை

தொல்காப்பிய மரபியல், புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும் பகுக்கிறது. இதனை ஒருவித்திலை, இருவித்திலைத் தாவரப் பகுப்பின் முன்னோடியாகக் கொள்ளும் கருத்து தமிழாய்வுகளில் மீளமீள இடம்பெறுகிறது. உரையாசிரியர்கள் தெங்கு, பனை முதலியவற்றைப் புல்லில் அடக்குவது இதற்கு வலுச்சேர்ப்பதாகத் தோன்றும். எனினும் இவ்வொப்பீடு இரு நிலைகளில் பொருந்தவில்லை.

முதலாவது, பகுப்பின் அடிப்படை. 1682இல் ஜான் ரே கொண்ட அளவுகோல் வித்திலைகளின் எண்ணிக்கை. தொல்காப்பியர் கொண்டது தண்டின் வன்மை. எள் இருவித்திலைத் தாவரமாயினும் அதன் தண்டில் வைரமில்லை. தேவதாரு அகத்தே வைரமுடையதாயினும் பூக்குந்தாவரமே அன்று.

இரண்டாவது, ஒப்பிடப்படும் பகுப்பே இன்று நிலைபெறவில்லை. மரபணு வரிசைகளின் அடிப்படையில் 1998இல் வெளியான ஏ.பி.ஜி. வகைப்பாடு, மரபுவழி இருவித்திலைத் தொகுதியை ஒரு முழுமையான மரபுக்கிளையாக ஏற்கவில்லை. அத்தொகுதியில் வைக்கப்பட்டிருந்த ஆம்பல், மிளகு, சண்பகம் ஆகியன இன்று மெய்யிருவித்திலைக் கிளைக்கு வெளியே உள்ளன. ஆகவே, அறிவியல் கைவிட்ட ஒரு பகுப்பைக் கொண்டே தொல்காப்பியத்துக்குப் பெருமை தேடப்படுகிறது.

மரபியலின் நோக்கம் வேறு. ஓலை, மடல், பாளை, குலை முதலியன புல்லுக்கும், இலை, தளிர், சினை, அரும்பு முதலியன மரத்துக்கும் உரிய உறுப்புப் பெயர்கள் என அது வரையறுக்கிறது. தாவரங்களின் தோற்றுவழியை அன்று, அவற்றைச் சுட்டும் சொற்களின் உரிமையையே அது பேசுகிறது. அந்நூற்பாக்களைச் சொல்வழக்கு நோக்கில் ஆராய்வதே அவற்றின் தனித்தன்மையை வெளிப்படுத்தும்.