இரு நிறங்களில் இரு பழமைகள்: ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’ விளையாட்டும் அதன் திறனாய்வு ஏற்பும்

முன்னுரை

லூகாஸ் போப் பெரும்பாலும் தனியொருவராகவே உருவாக்கி 2018 அக்டோபரில் வெளியிட்ட கணினி விளையாட்டு ‘ரிட்டர்ன் ஆஃப் தி ஓப்ரா டின்’. 1802இல் புறப்பட்டுக் காணாமற்போன வணிகக் கப்பலொன்று 1807இல் இங்கிலாந்தின் ஃபால்மவுத் துறைமுகத்திற்கு ஆளின்றித் திரும்புகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காப்பீட்டு ஆய்வாளராக அதில் ஏறும் ஆட்டக்காரர், கப்பலில் இருந்த 60 பேரின் பெயரையும் முடிவையும் கண்டறிந்து ஒரு பதிவேட்டில் நிரப்ப வேண்டும். இவ்விளையாட்டைப் ‘பழம்பாணி’ எனப் போற்றிய திறனாய்வுகள் எந்தப் பழமையைக் கண்டன, எதைக் கடந்து சென்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

போற்றப்பட்ட பழமை

யூனிட்டி என்னும் இக்கால மென்பொருளைக் கொண்டு முப்பரிமாணத்தில் அமைக்கப்பட்ட இவ்விளையாட்டு, திரையில் இரு நிறங்களையே காட்டுகிறது; புள்ளிகளின் அடர்த்தியே நிழலாகிறது. 1984இல் அறிமுகமான மெக்கின்டோஷ் கணினியின் கறுப்பு வெள்ளைத் திரையை இது நினைவூட்டுகிறது. திறனாய்வாளர் பலர் இக்காட்சியமைப்பையும் துப்பறியும் முறையையும் வியந்து எழுதினர். பரிசுகளும் அவ்வழியே அமைந்தன. 2018ஆம் ஆண்டின் தி கேம் அவார்ட்ஸ் விழாவில் கலை இயக்கத்திற்கும், 2019 பாஃப்டா விழாவில் கலைச் சாதனைக்கும் விளையாட்டு வடிவமைப்பிற்கும் பரிசுகள் கிடைத்தன. 2019இல் தற்சார்பு விளையாட்டுகளுக்கான ஐ.ஜி.எஃப். விழா, முதன்மைப் பரிசுடன் கதைசொல்லலுக்கான பரிசையும் வழங்கியது. இவை தகுதியான பாராட்டுகளே. ஆயினும் காட்சியும் வடிவமைப்பும் கதையும் தனித்தனித் தலைப்புகளில் மதிப்பிடப்பட்டதால், அவற்றை இணைக்கும் பதிவேடு பின்னணிப் பொருளாகவே எஞ்சியது.

பதிவேட்டின் பழமை

ஆட்டக்காரரிடம் உள்ள மாயக் கடிகாரம், சடலம் ஒன்றைக் கண்டதும் அம்மரணத்தின் கணத்தை உறைந்த காட்சியாகக் காட்டுகிறது. அதனை ஆராய்ந்து பெயர், இறந்த விதம், கொன்றவர் ஆகியவற்றைப் பட்டியலிலிருந்து தேர்ந்து பதிய வேண்டும். மூவரின் முடிவுகள் சரியாக அமைந்த பின்னரே பதிவேடு அவற்றை உறுதி செய்கிறது. அடையாளம் காணப் போதிய தடயம் கிடைக்கும்வரை ஒருவரின் முகம் அதில் மங்கலாகவே இருக்கும்.

பெயர்ப்பட்டியலில் ஒவ்வொருவரின் தாய்நாடும் குறிக்கப்பட்டுள்ளது. அக்காலக் கம்பெனிக் கப்பல்களில் பணிபுரிந்த ஆசிய மாலுமிகள் ‘லஸ்கர்’ என்னும் பொதுப்பெயரில் அடங்கியதை எண்ணினால், இந்தியரையும் சீனரையும் தனித்தனிப் பெயரோடு அறியச் செய்யும் இவ்விதி பொருளுடையதாகிறது. ஆனால் அறிதலுக்கும் எல்லை உண்டு. ஃபார்மோசாவைச் சேர்ந்த ஹோக்-செங் லாவ், தாம் செய்யாத கொலைக்காகச் சுட்டுக் கொல்லப்படுகிறார். உண்மைக் கொலையாளி எட்வர்டு நிக்கோல்ஸ் என்பதை ஆட்டக்காரர் நேரில் காண்கிறார். கொலையுண்டவரின் பதிவில் நிக்கோல்ஸின் பெயர் இடம்பெறும். லாவின் பதிவிலோ அவர் சுடப்பட்டார் என்பதும் சுட்டவர் பெயரும் மட்டுமே இடம்பெறும். ‘ஏன்’ என்பதற்கு அங்கே இடமில்லை. இழப்பீடும் தண்டமும் இப்பதிவேட்டைக் கொண்டே இறுதியில் கணக்கிடப்படுகின்றன.

இது தற்செயலன்று எனக் கருத இடமுண்டு. போப்பின் முந்தைய படைப்பான ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ (2013), எல்லைச் சாவடியில் ஆவணம் சரிபார்க்கும் அலுவலராக ஆட்டக்காரரை அமர்த்தியது. இரண்டிலும் ஆவணம் கேட்பதற்கும் கண் காண்பதற்கும் இடையிலான இடைவெளியே அறச்சிக்கலாகிறது.

முடிவுரை

‘பழம்பாணி’ என்னும் சொல் 1984ஆம் ஆண்டின் திரையைச் சுட்டியது; 1807ஆம் ஆண்டின் கணக்கேட்டைச் சுட்டவில்லை. நிறத்தை இரண்டாகக் குறைக்கும் திரையும், மனித முடிவைச் சில கட்டங்களாகக் குறைக்கும் ஏடும் இவ்விளையாட்டில் ஒன்றையொன்று விளக்குகின்றன. ஆகவே பழம்பாணி விளையாட்டுகளைத் திறனாய்வோர், அவை எந்தக் கருவியை நினைவூட்டுகின்றன என்பதோடு நில்லாமல், எந்த ஆவண மரபை ஆட்டக்காரரின் கையில் கொடுக்கின்றன என்பதையும் கேட்க வேண்டும். அவ்வினா எழும்போதே லாவின் பதிவில் இல்லாத ‘ஏன்’ திறனாய்வின் பொருளாகும்.