இரண்டு கோடிப் பயனாளிகள் – சரி, பிரஷர் இறங்கியதா?

‘மக்களைத் தேடி மருத்துவம்’ பற்றி எந்தச் செய்தியை எடுத்தாலும் முதலில் கண்ணில் படுவது ஓர் எண். 2022 டிசம்பரில் ஒரு கோடியாவது பயனாளி, 2024 டிசம்பரில் இரண்டு கோடியாவது பயனாளி. நடுவில் ஐ.நா. விருதும் வந்தது. எனக்குச் சண்டை இந்த எண்ணோடுதான், திட்டத்தோடு இல்லை.

திட்டத்துக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடலாம். 2020-ல் தமிழ்நாட்டில் நடந்த ஸ்டெப்ஸ் ஆய்வின்படி பெரியவர்களில் 33.9 சதவீதம் பேருக்கு உயர் ரத்த அழுத்தம். அவர்களில் அது கட்டுக்குள் இருந்தது வெறும் 7.3 சதவீதம் பேருக்கு. கூலிக்குப் போகிறவர் மாத்திரைக்காக ஆரம்ப சுகாதார நிலையத்தில் வரிசையில் நின்றால் அன்றைய கூலி போச்சு. வலியே இல்லாத நோய்க்கு அந்த விலையை யார் கொடுப்பார்? 2021 ஆகஸ்டில் தொடங்கிய இந்தத் திட்டம், பிரஷர் பார்க்கும் கருவியோடும் மாத்திரையோடும் பெண் சுகாதாரத் தன்னார்வலரை வீட்டுக்கே அனுப்பியது. நல்ல யோசனை.

ஆனா, ‘பயனாளி’ என்ற எண்ணுக்கு ஏறத்தான் தெரியும், இறங்கத் தெரியாது. ஒருமுறை கணக்கில் வந்தவர் மறுமாதமே மாத்திரையை நிறுத்தினாலும் கணக்கில் இருப்பார். எங்க தொழிலில் ஒரு செயலியின் டவுன்லோட் எண்ணிக்கையை மட்டும் காட்டினால் மேனேஜர் கேட்கும் அடுத்த கேள்வி: “எத்தனை பேர் யூஸ் பண்றாங்க?”

மாத்திரை வீட்டுக்குப் போனாலே போதாதா என்று கேட்கலாம். இந்த இடத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் முடிதிருத்தும் கடைகளில் நடந்து 2018-ல் வெளியான ஆய்வைப் பார்க்கணும். 52 கடைகள், பிரஷர் கட்டுப்படாத 319 கறுப்பின ஆண்கள். ஒரு பகுதிக் கடைகளில் முடிதிருத்துபவர் “டாக்டரைப் பாருங்க, பழக்கத்தை மாத்துங்க” என்று எடுத்துச் சொன்னார். மீதிக் கடைகளுக்கு மருந்தாளுநரே வந்தார். டாக்டர்களோடு செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, அங்கேயே மருந்தைத் தொடங்கி, அளவையும் மாற்றினார். 6 மாதத்தில் மேல் அளவு முதல் பகுதியில் சராசரியாக 9.3 குறைந்தது. இரண்டாவதில் 27.

இந்த ஆய்வைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலரும் முடிதிருத்துபவர் மேல் உள்ள நம்பிக்கையைத்தான் புகழ்கிறார்கள். அந்த நம்பிக்கை இரண்டு பக்கமும் இருந்ததே! வித்தியாசம் ஒன்றுதான்: ஒரு பக்கம், மருந்தை மாற்றும் அதிகாரம் நோயாளி இருக்கும் இடத்துக்கே வந்தது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம். கருவி 160 காட்டினாலும் தன்னார்வலரால் அதே மாத்திரையைத்தான் கொடுக்க முடியும். மாற்றணும்னா நோயாளி மறுபடி டாக்டரிடம் போகணும். அதாவது, மறுபடி அதே கூலி போகும் நாள். போகாவிட்டால், போதாத மருந்தை வருடக்கணக்கில் வீட்டிலேயே வசதியாக வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நம் கணக்கிலோ அவர் ஒரு பயனாளி.

மருந்தாளுநரை வீடுவீடாக அனுப்பச் சொல்லவில்லை, அது கட்டுப்படியாகாது. ஆனால் துணை சுகாதார நிலைய செவிலியர், எழுதி வைத்த நெறிமுறைப்படி, டாக்டரிடம் போனில் ஒப்புதல் வாங்கி அடுத்த படி மருந்தைத் தரலாமே?

கணக்கு வைக்கும் முறையையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். 2017-ல் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டு முயற்சியில் ஏற்கனவே இருக்கிறது. பதிவு செய்தவர்களில் இந்தக் காலாண்டில் 140/90-க்குக் கீழே வந்தவர் எத்தனை, வராமலே போனவர் எத்தனை என்று பார்ப்பார்கள். வராதவரைக் கணக்கிலிருந்து தூக்கிவிட்டு சதவீதத்தை அழகாக்க முடியாது. அதற்குப் பயன்படும் ‘சிம்பிள்’ செயலியின் நிரல்கூடத் திறந்த மூலம்தான். யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம்.

சில வருடங்களுக்கு ஒருமுறை வரும் மாநில ஆய்வு இதற்கு ஈடாகாது. எந்த வட்டாரத்தில் எத்தனை பேருக்கு பிரஷர் கட்டுக்குள் வந்தது என்பதைக் காலாண்டுக்கு ஒருமுறை பொதுவில் வைக்கணும். அது சில இடங்களில் சங்கடமான எண்ணாகத்தான் இருக்கும். பக்கவாதம் வருவதற்கு முன்னால் சங்கடப்படுவது நல்லது.