கதவுக்கு அடித்த நீலம்

மட்கார்டுகள் இரண்டும் பட்டறையிலிருந்து திரும்பி வந்த அன்று எனக்குத் தலைகால் புரியவில்லை. பழைய துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார்கள். பிரித்தால் முகம் தெரிகிற அளவுக்குக் கறுப்புப் பளபளப்பு. போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஆறேழு பேர் கைதட்டும் படம் அனுப்பினார்கள். அம்மா மட்டும், "இது அப்புச்சி வண்டியோடதா?" என்று கேட்டிருந்தார். ஆமாம் என்று பதில் போட்டுவிட்டு ஆபீஸ் மீட்டிங்குக்குப் போய்விட்டேன். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் ஆனது. அந்த இரண்டு மாதத்தில் படித்ததும் யோசித்ததும்தான் இந்தக் கட்டுரை.

வண்டி ஒரு பி.எஸ்.ஏ. எம்20. 500 சிசி, சைட் வால்வ் எஞ்சின், சுமார் 13 குதிரைத்திறன். 1937ல் வெளிவந்த மாடல். இரண்டாம் உலகப்போரின்போது பிரிட்டிஷ் ராணுவத்துக்காக ஏறக்குறைய 1,26,000 வண்டிகள் செய்தார்கள். வேகம் கிடையாது, பார்க்கவும் முரட்டு உருவம். ஆனால் மண், மணல், சேறு எதில் விட்டாலும் போகும். கையில் நாலு ஸ்பானர் இருந்தால் ரோட்டோரமே பிரித்து மாட்டிவிடலாம். போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட வண்டிகள் பல நாடுகளில் பொதுமக்கள் கைக்கு வந்தன. அதில் ஒன்று மூன்று நான்கு பேரிடம் கைமாறி, கோயமுத்தூர்ப் பக்கம் அம்மாவின் அப்பாவிடம் வந்து சேர்ந்தது. அவர் போன பிறகு முப்பது வருஷம் மாட்டுக்கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. நான் வேலைக்குப் போய், கொஞ்சம் காசு சேர்ந்து, அதைப் 'பழைய நிலைக்கு' கொண்டுவரலாம் என்று இறங்கினேன். பழைய நிலை என்றால் எது என்று அப்போது யோசிக்கவில்லை. மட்கார்டுகளை முதலில் கொடுத்தேன். மணலை வீசிப் பெயிண்டையெல்லாம் சுரண்டி, பவுடர் கோட்டிங் போட்டுத் தந்தார்கள். அவர்கள்மேல் தப்பில்லை. நான் கேட்டதைத்தான் செய்தார்கள்.

டேங்கை வேறொரு பெயிண்டரிடம் எடுத்துப்போனேன். அறுபது வயதுக்கு மேல் இருக்கும். அவர் சுரண்டுகிற வேலைக்கே போகவில்லை. டேங்கின் அடிப்பக்கம் ஒரு மூலையில், எட்டணா அகலத்துக்கு, நனைத்த உப்புத்தாளை வைத்து வட்டமாகத் தேய்த்தார். பத்து நிமிஷத்தில் அங்கே மரத்தின் ஆண்டு வளையம் மாதிரி ஒன்று தெரிந்தது. வெளியே நீலம். அதற்குள் கறுப்பு. அப்புறம் ஒரு மங்கிய பச்சை. அதற்கும் உள்ளே பழுப்பு. பிறகு செங்காவிப் பிரைமர், நட்டநடுவில் இரும்பு.

மேலே இருந்த நீலத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "தம்பி, இது வண்டிப் பெயிண்ட் இல்லீங்க. கதவுக்கு அடிக்கறது. பிரஷ்ல அடிச்சிருக்காங்க, பாருங்க, முடி ஒட்டிக்கிட்டு இருக்குது" என்றார். உண்மைதான். பெயிண்டுக்குள் ஒரு பிரஷ் முடி நீளவாக்கில் உறைந்து கிடந்தது.

அன்று ராத்திரி அம்மாவிடம் போனில் கேட்டேன். சிரித்தார். "வாசக்கதவுக்கு வாங்குன டப்பாவுல மிச்சம் இருந்துச்சு. வீணாப் போகுதேன்னு எங்கய்யன் வண்டிக்கு அடிச்சாரு. ஊர்ல எல்லாரும் கேலி பண்ணாங்க."

இப்போது என்முன் நாலு நிறம். இதில் எது அசல்?

*

பழைய வண்டிகளை மீட்டெடுப்பவர்களிடம் இதற்குத் தயாரான பதில் உண்டு: தொழிற்சாலை வாசலைத் தாண்டிய நாளில் இருந்த நிறமே அசல், மற்றதெல்லாம் அழுக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. எம்20 விஷயத்தில் அந்த வாசலுக்குப் போய்ப் பார்த்தால் கதை வேறு.

போரின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் ராணுவ வாகனங்களுக்கு அடித்தது 'காக்கிப் பச்சை எண் 3'. 1942ல் அது எஸ்.சி.சி. 2 என்கிற பழுப்புக்கு மாறியது. பச்சை நிறமிக்கு வேண்டிய குரோமியம் ஆக்சைடுக்குத் தட்டுப்பாடு வந்ததே அதற்குக் காரணம். 1944ல் மறுபடியும் பச்சை: எஸ்.சி.சி. 15, ஆலிவ் நிறம், அமெரிக்க வாகனங்களின் நிறத்துக்கு நெருக்கமானது. பாலைவனத்துக்குப் போன வண்டிகளுக்கு மணல் நிறம். ஆக என் டேங்கின் அடியிலிருக்கும் பழுப்பு எந்த ஓவியனும் ரசித்துத் தேர்ந்தெடுத்த வண்ணம் கிடையாது. ஒரு ரசாயனம் கிடைக்காமல் போனதன் விளைவு அது.

கைப்பிடிகள் இன்னும் சுவாரசியம். போரின் பிற்பகுதியில் வந்த எம்20களில் ஹேண்டில்பார் ரப்பருக்குப் பதிலாகக் கித்தான் துணி சுற்றியிருக்கும். கால் வைக்கும் இடத்தில் ரப்பரே இருக்காது, வெறும் இரும்பு. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் வீழ்ந்தபோது மலாயாவின் ரப்பர் தோட்டங்கள் முழுக்க ஜப்பானியர் கைக்குப் போய்விட்டன. அந்தத் தோட்டங்களில் பால் வடித்தவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். அவர்களில் ஆயிரக்கணக்கானோர் பிறகு சயாம்-பர்மா ரயில் பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். பர்மிங்ஹாமில் ஒரு தொழிலாளி ஹேண்டில்பாரில் துணி சுற்றியதற்கும், மலாயாவில் ஒரு தமிழன் தோட்டத்திலிருந்து காணாமல் போனதற்கும் இடையே ஒரே கயிறு ஓடுகிறது. இன்று அந்த வண்டியை மீட்டெடுக்கிறவர் 'துணி அசிங்கமாக இருக்கிறது' என்று புத்தம்புது ரப்பர் பிடி மாட்டும்போது அந்தக் கயிறு அறுந்துபோகிறது. அறுந்தது அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது.

போருக்குப் பிறகும் இப்படித்தான். கொரியப் போர் சமயத்தில் நிக்கலுக்குத் தட்டுப்பாடு. குரோம் முலாம் பூசுவதற்கு அடியில் நிக்கல் வேண்டும். அதனால் 1952 வாக்கில் வந்த பல பிரிட்டிஷ் பைக்குகளின் ரிம்களில் குரோமுக்குப் பதிலாக வெறும் வெள்ளிப் பெயிண்ட். இன்றைய கண்காட்சிகளில் அதே வருஷத்து வண்டிகள் குரோமில் ஜொலிப்பதைப் படங்களில் பார்க்கிறேன். வரலாற்றின் வறுமையை நாம் காசு கொடுத்துத் திருத்திக்கொண்டிருக்கிறோம்.

நம் ரசனையும் நம்பத்தக்க சாட்சி அல்ல. 1959ல் டிரையம்ப் கம்பெனி தன் முதல் போனவில் மாடலை ஆரஞ்சும் முத்துச் சாம்பலும் கலந்து வெளியிட்டது. வாங்குபவர்களுக்குப் பிடிக்கவில்லை, சீக்கிரமே நீலத்துக்கு மாற்றினார்கள். இன்று சேகரிப்பவர்கள் தேடி அலைவது அந்த ஆரஞ்சைத்தான். அன்று தோற்ற நிறம் இன்று புனித நிறம். இப்படியிருக்க, 'அசல்' என்று நாம் சொல்வதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சந்தை?

*

நிறத்தைச் சரியாகப் பிடித்துவிட்டாலும் பூச்சு காட்டிக்கொடுத்துவிடும். எம்20க்கு அடித்தது மேட் பெயிண்ட். வெயில் பட்டு மின்னினால் மேலே பறக்கும் விமானத்துக்குத் தெரிந்துவிடும். மேட் பெயிண்ட் எண்ணெயை உறிஞ்சும், கறை பிடிக்கும். ஓட்டுபவரின் முழங்கால் உரசும் இடத்தில் மட்டும் நாளாக நாளாக ஒரு மினுமினுப்பு ஏறும். இன்றைய பாலியூரிதேன் கிளியர் கோட்டுக்கு அடியில் அதே பழுப்பைப் போட்டால் தண்ணீருக்குள் கிடக்கும் கூழாங்கல் மாதிரி இருக்கும். நிறம் சரி, வண்டி பொய். பவுடர் கோட்டிங் இன்னும் மோசம். கிட்டத்தட்ட 200 டிகிரி சூட்டில் உருகிப் படியும் தடித்த பூச்சு. விளிம்புகளின் கூர்மையை மழுக்கிவிடும், இரும்பில் அடித்திருக்கும் எண்களை நிரப்பிவிடும். துருவுக்கு எதிராக அருமையான காவல்தான், மறுக்கவில்லை. என் மட்கார்டுகள் இனி ஐம்பது வருஷம் துருப்பிடிக்காது. அவற்றில் படிப்பதற்கும் ஒன்றும் கிடையாது.

இந்தச் சண்டை மோட்டார் சைக்கிளுக்கு முன்பே கட்டிடங்களில் நடந்து முடிந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர் வியோலே-லெ-டுக், மீட்டெடுப்பது என்றால் ஒரு கட்டிடத்தை அதன் முழுமைக்குக் கொண்டுபோவது என்றார். அந்த முழுமை எந்தக் காலத்திலும் இருந்திருக்காவிட்டாலும் பரவாயில்லை என்பது அவர் கட்சி. 1849லேயே ஜான் ரஸ்கின், மீட்டெடுப்பு என்ற பேரில் நடப்பது அழிவுதான் என்று எழுதிவிட்டார். 1964ன் வெனிஸ் சாசனம் நடுவழி எடுத்தது: ஒரு கட்டிடத்தில் எல்லாக் காலங்களும் சேர்த்த மதிப்புள்ள பங்களிப்பை மதிக்க வேண்டும், ஒரே பாணிக்குத் திரும்புவது நோக்கமாக இருக்கக்கூடாது. பழைய வாகனங்களுக்கான சர்வதேச அமைப்பான ஃபீவாவின் டுரின் சாசனமும் இதன் வழியில் வந்ததே. நமக்கு இது தூரத்து விவகாரமும் இல்லை. சுத்தம் செய்கிறேன் என்று மணல் வீசி நம் கோயில்களில் கல்வெட்டு எழுத்துகளை மழுங்கடித்ததைப் பற்றி எவ்வளவு கொதித்திருக்கிறோம். அதே மணலைத்தான் நான் மட்கார்டில் வீசச் சொன்னேன்.

எதிர்த்தரப்பிலும் எனக்கு ஒரு புகார் உண்டு. 'பட்டினா' என்று இப்போது ஒரு வழிபாடு கிளம்பியிருக்கிறது. துருவைத் தொடாதே, கீறலைத் தொடாதே, எல்லாம் புனிதம். புது வண்டிக்கே ரசாயனம் ஊற்றிப் பொய்த்துரு வரவழைக்கிறவர்கள்கூட இருக்கிறார்கள். பெயிண்டின் முதல் வேலை இரும்பைக் காப்பது. அது முடியாமல் போன இடத்தில் துருவை ரசித்துக்கொண்டு நிற்பது, காய்ச்சல் வந்த பிள்ளையின் கன்னச் சிவப்பை ரசிப்பது மாதிரி.

*

இலக்கியம் படிக்கிறவர்களுக்கு இந்தச் சிக்கல் புதிதல்ல. இதை நாம் பதிப்பு என்ற பெயரில் அறிவோம். உ.வே.சா. 1887ல் சீவக சிந்தாமணியையும் 1894ல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது ஏட்டுக்கு ஏடு பாடம் மாறியது. ஒன்றைத் தேர்ந்தெடுக்காமல் நூல் அச்சேறாது. தேர்ந்தெடுத்தார். ஆனால் தேர்ந்தெடுத்த பிறகு மற்ற ஏடுகளை அடுப்பில் போடவில்லை. பாடபேதங்களைக் குறித்து வைத்தார். நாளைக்கு ஒருவன் வந்து 'ஐயா, நீங்கள் எடுத்த பாடம் தவறு' என்று சொல்வதற்கான கதவை அவரே திறந்து வைத்தார்.

என் வேலைமொழியில் சொன்னால், கிட்டில் எழுநூறு கமிட்டுகளை ஒன்றாகச் சுருக்கி ஃபோர்ஸ் புஷ் செய்வதற்கும் பெயிண்டைச் சுரண்டுவதற்கும் வித்தியாசம் இல்லை. இறுதி வடிவம் சுத்தமாக இருக்கும். யார், எப்போது, ஏன் செய்தார் என்பது போய்விடும். அங்கேயாவது யாராவது ஒருவர் லேப்டாப்பில் பழைய பிரதி இருக்கும். பெயிண்டுக்கு பேக்கப் கிடையாது.

இங்கிருந்துதான் எனக்கு ஒரு அளவுகோல் கிடைத்தது. எது அசல் என்ற கேள்வியை விட்டுவிட்டு, எதைச் செய்தால் திரும்பி வர முடியாது என்று கேட்கத் தொடங்கினேன். எஸ்.சி.சி. 2 பழுப்பு எப்படி இருக்கும் என்பதற்குத் தர அட்டை இருக்கிறது. நாளைக்கே அந்த நிறத்தைக் கலந்து யாரும் அடிக்கலாம், பத்து வருஷம் கழித்தும் அடிக்கலாம். வாசக்கதவு நீலத்தை அப்புச்சியின் கையால் இனி யாரும் அடிக்க முடியாது. அதைவிட முக்கியம், பழுப்பை வெளியே கொண்டுவர நீலம், கறுப்பு, பச்சை மூன்றையும் கொல்ல வேண்டும். நீலத்தை அப்படியே விட்டால் நாலும் உயிரோடு இருக்கும்.

வண்டிப் பைத்தியமான நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். "டேய், இது சென்டிமென்ட்டுடா. வரலாறுங்கற பேர்ல உங்க தாத்தாவைக் கொண்டாடறே" என்றான். கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் ராணுவக் கிடங்கில் ஸ்ப்ரே பிடித்தவனின் பழுப்பு வரலாறு, கோயமுத்தூர்க்காரர் பிரஷ் பிடித்த நீலம் சென்டிமென்ட் என்று யார் கோடு போட்டது? இரண்டும் தட்டுப்பாட்டில் பிறந்தவைதான். ஒருவருக்குக் குரோமியம் ஆக்சைடு கிடைக்கவில்லை. இன்னொருவருக்கு வண்டிப் பெயிண்ட் வாங்கக் காசில்லை, கையில் அரை டப்பா கதவுப் பெயிண்ட் இருந்தது. இந்த வண்டி ராணுவத்தில் இருந்தது சில வருஷம். அப்புச்சியிடம் இருபது வருஷத்துக்கு மேல்.

*

கடைசியில் செய்தது இதுதான். டேங்கின் வெளிப்புறத்தை மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி மெழுகு போட்டதோடு நிறுத்திக்கொண்டோம். உள்ளே இருந்த துருவை மட்டும் எடுத்தோம். பெயிண்டர் உப்புத்தாள் தேய்த்த அந்த எட்டணா வட்டத்தின்மேல் மெல்லிய வார்னிஷ் தடவி அப்படியே விட்டிருக்கிறது. சட்டம் பாதிக்கு மேல் துரு ஏறி இரும்பைத் தின்றுகொண்டிருந்தது. அதை விட்டுவைக்க முடியாது. சீட் கிளாம்ப்புக்கு அடியில் பிழைத்திருந்த பழுப்பைப் பார்த்து நிறம் கலந்து, மேட்டாக அடித்தோம். அந்தக் கிளாம்ப் அடியை மட்டும் தொடவில்லை. கைப்பிடிக்குக் கித்தான் சுற்றினேன். பழுப்புச் சட்டம், நீல டேங்க், கறுப்பு மட்கார்டு. எந்தக் கண்காட்சியிலும் எந்த நடுவரும் மார்க் போடமாட்டார். அம்மா வந்து பார்த்தார். டேங்கில் கை வைத்து, பிரஷ் முடி இருக்கும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தார். மட்கார்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

டூல் பாக்ஸில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறேன். எந்தப் பாகத்தில் என்ன பூச்சு, அடியில் என்ன இருக்கிறது, எதை எப்போது செய்தோம், எல்லாம் அதில் உண்டு. வண்டி எனக்கு அப்புறம் யார் கைக்குப் போனாலும் அவருக்குப் பிடித்த நிறத்தை அவர் அடித்துக்கொள்ளட்டும், தெரிந்து அடிக்கட்டும். முதல் பக்கத்தில் முதல் வரி இது:

முன், பின் மட்கார்டுகள்: பழைய நிறங்கள் தெரியாது. பார்க்காமல் சுரண்டச் சொன்னது நான்.