பொருளாதாரத்தின் உச்சத் திறனை அளந்தவர் யார்?

ஒரு விசைத்தறிக் கூடத்தில் 100 தறிகள் உள்ளன. 80 தறிகளே ஓடுகின்றன. கூடத்தின் முழுத் திறன் என்ன என்று கேட்டால் தறிகளை எண்ணிச் சொல்லிவிடலாம். ஒரு நாட்டின் முழுத் திறனை அவ்வாறு எண்ண முடியுமா? முடியும் என்பது போலவே பெரிய நாடுகளின் பொருளாதார அறிக்கைகள் பேசுகின்றன. அந்தக் கூற்றைச் சற்று உரைத்துப் பார்ப்போம்.

பணவீக்கத்தைத் தூண்டாமல், உழைப்பாளரையும் இயந்திரங்களையும் முழு அளவில் ஈடுபடுத்தி ஒரு நாடு ஆக்கக்கூடிய உற்பத்தியே அதன் 'உள்ளாற்றல் உற்பத்தி' எனப்படும். நடப்பு உற்பத்தி இதற்குக் கீழே இருந்தால் அரசு செலவைப் பெருக்கலாம். மேலே சென்றால் வட்டியை உயர்த்திக் கட்டுப்படுத்த வேண்டும். ஆகவே இந்த ஓர் எண்ணைப் பொறுத்துப் பல லட்சம் பேரின் வேலை அமைகிறது.

1962இல் அமெரிக்க அறிஞர் ஆர்தர் ஓக்கன் ஒரு வழி காட்டினார். வேலையின்மை 4 சதவீதமாக இருக்கும் நிலையையே முழுத் திறன் எனக் கொண்டார். அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் உற்பத்தி ஏறத்தாழ 3 சதவீதம் குறையும் என்றார். எளிய கணக்குதான். ஆனால் அந்த 4 என்பது அளந்து கண்ட எண் அன்று, வைத்துக்கொண்ட எண். 1970களில் உற்பத்தித் திறனின் வளர்ச்சி தளர்ந்தது. அதை உடனே உணராமல் உச்சத்தை மிகையாக மதித்ததும் அக்காலப் பணவீக்கத்துக்கு ஒரு காரணம் என்பது பொருளாதார அறிஞர் ஓர்ஃபனிடீஸின் வாதம். உற்பத்திக்கும் உச்சத்துக்கும் உள்ள இடைவெளியை அவ்வப்போது கணித்துப் பின்னர்த் திருத்தும்போது, திருத்தமே இடைவெளியின் அளவுக்குப் பெரிதாகிறது என்று அவரும் வான் நார்டனும் 2002இல் காட்டினர்.

2008 நெருக்கடிக்குப் பின் பிழை மறுபுறம் சாய்ந்தது. 2012இல் அமெரிக்க மைய வங்கியினரில் பெரும்பாலோர் நீண்டகால வேலையின்மையை 5.2 முதல் 6 சதவீதம் என மதித்தனர். 2019இல் அது 3.5 சதவீதமாக இறங்கியது; பணவீக்கமோ 2 சதவீத இலக்கைக்கூட எட்டவில்லை. ஓடவே ஓடா என்று கணக்கில் தள்ளிய தறிகள் ஓடின!

இக்கணிப்பே வேண்டாம் என்பதன்று நம் கருத்து. வழிகாட்ட ஏதேனும் ஓர் எண் தேவைதான். ஆனால் சரிவுக் காலத்து எண்களைக் கொண்டே உச்சத்தைக் கணித்தால், நோயாளியின் எடையையே அவரது இயல்பான எடை என்று எழுதிவைத்தது போலாகும். எனவே மாணவ நண்பர்களே, இத்தகைய எண்ணைக் காணும்போது இரண்டு கேள்விகள் கேளுங்கள்: பிழை வரம்பு எவ்வளவு? முந்தைய கணிப்பு எவ்வளவு திருத்தப்பட்டது? இரண்டுக்கும் விடை தராத அறிக்கையை அளவீடு என்று ஏற்காதீர்கள். ஊகம் என்றே கொள்ளுங்கள்.