சொற்களின் சம்பளப் பட்டியல்

தமிழில் ஆங்கிலச் சொற்கள் கலப்பது பற்றிய நம் சர்ச்சைகள் தூய்மை, கலப்படம் என்ற இரண்டு வார்த்தைகளுக்குள்ளேயே சுற்றி ஓய்ந்துவிடுகின்றன. ஒரு சொல் எங்கிருந்து வந்தது என்பதைவிட, வந்த இடத்தில் எந்தச் சொல்லுக்கு மேல் உட்காருகிறது என்பதே எழுத்தாளனுக்கு முக்கியம் என்று நினைக்கிறேன்.

ஆங்கிலத்தின் சரித்திரமே இதற்குச் சாட்சி. 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தை வென்ற பிறகு, பிரெஞ்சுச் சொற்கள் அரசவைக்கும் நீதிமன்றத்துக்கும் சாப்பாட்டு மேஜைக்கும் போய்ச் சேர்ந்தன. பழைய ஆங்கிலச் சொற்கள் தொழுவத்திலேயே நின்றன. மேய்கிறபோது 'கௌ', பரிமாறுகிறபோது 'பீஃப்'. வால்டர் ஸ்காட் 'ஐவன்ஹோ'வில் (1819) ஒரு விதூஷகனை வைத்து இந்த ஏற்பாட்டைக் கேலி செய்கிறார். ஊதியத்துக்கும் இதே கதிதான். உழைப்பின் விலைக்குப் பழைய ஆங்கிலச் சொல் 'ஹயர்'. பிரெஞ்சு வழியாக வந்த 'வேஜ்', 'சேலரி', 'பே' மூன்றும் அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. இதில் 'பே' என்பதன் லத்தீன் மூலத்துக்குச் சமாதானப்படுத்துவது என்று அர்த்தம்.

ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் வட்டாரத்தில் இப்படியொரு அடுக்கு ஒரு தலைமுறைக்குள் எழுந்துவிட்டது. இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது 1998ல். வங்கிக் கவுண்டரில் இந்தச் சொற்கள் தினமும் என் கைக்கு வருகின்றன. அதிகாரிக்கு 'சேலரி'. பயிற்சிக்கு வந்த பையனுக்கு 'ஸ்டைபண்ட்'. ரோமானியச் சிப்பாயின் சம்பளத்தைக் குறித்த லத்தீன் சொல்லின் வாரிசு அது. மதில் கட்டுகிறவளுக்குக் கூலி. ஒரே கேட்டுக்குள் மூன்று சொற்கள், மூன்று அந்தஸ்துகள். 1961ஆம் வருஷத்து அப்ரண்டிஸ் சட்டப்படி அப்ரண்டிஸ் பயிற்சி பெறுகிறவன், தொழிலாளி அல்ல. இயந்திரத்தின் முன் எட்டு மணி நேரம் நிற்கிறவனைத் தொழிலாளி இல்லை என்று சொல்ல ஒரு சொல் போதுமானதாக இருக்கிறது.

எல்லோருக்கும் 'ஊதியம்' என்று எழுதுகிறவர் தமிழைக் காப்பாற்றவில்லை. இந்த வித்தியாசத்தை மறைக்கிறார். வட்டார மணத்துக்காக 'ஷிப்ட்', 'லைன்' என்று தூவுகிறவரும் அதையேதான் செய்கிறார்.

மொழி அழிந்துவிடும் என்ற பயம் எனக்கில்லை. 'ஓ.டி. பார்த்தேன்' என்கிறவன் வினையைத் தமிழிலேயே வைத்திருக்கிறான். பிரெஞ்சுச் சொற்களை வாரிக்கொண்ட ஆங்கிலமும் தன் வாக்கிய எலும்பை விட்டுக்கொடுக்கவில்லை. சேலரியும் ஸ்டைபண்டும் கூலியும் ஒரே பக்கத்தில் மோதிக்கொள்ளும் ஒரு நாவலைத்தான் இந்த வட்டாரத்திலிருந்து நான் எதிர்பார்க்கிறேன்.